ஒன்றும் ஆகாதவர்

இன்னாசிராஜ் மாமாவிடம் எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரே பதில்தான் வரும். "நான் போனேன். எனக்கு ஒண்ணும் ஆவல." ஈராக்கைப் பற்றிக் கேட்டாலும் அதுதான், லிபியாவைப் பற்றிக் கேட்டாலும் அதுதான், புயல் நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் ஓட்டலாமா என்று கேட்டாலும் அதுதான். எங்கள் மாதா கோயில் பங்கில் வெளிநாட்டுக்குக் கிளம்புகிற பையன்கள், சாமியாரிடம் ஆசீர்வாதம் வாங்குவதற்கு முன்னால் அவரிடம்தான் போவார்கள். அவர் ஏஜென்ட் இல்லை. யாரிடமும் பத்து பைசா வாங்கியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் அவரைப் பற்றி என் வாயிலிருந்து நல்லது அதிகம் வராது.

என் பெயர் ஆன்மேரி. மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செல்போன் ரீசார்ஜும் ஜெராக்ஸும் போடுகிற கடை என்னுடையது. மாமா வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. சொந்தமெல்லாம் கிடையாது. ஒரே கோயில், ஒரே தெரு, அதனால் மாமா. அவர் மனைவி ஞானமேரி அத்தை. ஒரே மகன் சார்லஸ். அவனும் என் தம்பி டோமினிக்கும் கோயிலில் ஒரே நாளில் முதல் நற்கருணை, புதுநன்மை, வாங்கியவர்கள், ஒரே கல்லூரியில் பி.சி.ஏ. படித்தவர்கள், ஒரே மாதிரி வேலை கிடைக்காமல் என் கடை வாசலில் உட்கார்ந்து என் வைஃபையைத் தின்றவர்கள்.

அரசாங்க எச்சரிக்கை என்றாலே மாமாவுக்கு ஒரு சிரிப்பு வரும். அது உப்பளத்தில் பழகிய சிரிப்பு. அளத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் அது கொஞ்சம் உண்டு. மழை வருமென்று வானிலை ஆபீசில் சொன்னால், பயந்தவன் அன்றைக்கே பாத்தியில் இறங்கி உப்பை வாரிவிடுவான். அரைகுறையாய் விளைந்த உப்பு மாவாகக் கிடக்கும், வியாபாரி அதைக் கையால் தொடமாட்டான். மழையோ வராது. பயப்படாமல் இன்னும் நாலு நாள் விட்டுவைத்தவன் பாத்தியில் கல் கல்லாக உப்பு நிற்கும். மழை வந்து எல்லாம் கரைந்துபோன வருஷங்களும் உண்டுதான். ஆனால் கரைந்த உப்பை யாரும் குவித்து வைத்துக் காட்டமுடியாது. விளைந்த உப்புதான் ரோட்டோரம் குவியல் குவியலாக எல்லோர் கண்ணிலும் படும். மாமா அந்தக் குவியலைப் பார்த்தே வளர்ந்தவர்.

அவர் மதித்தது ஒரே ஒரு எச்சரிக்கையை. இடி. அளத்தில் மரம் கிடையாது, சுவர் கிடையாது. கண்ணுக்கு எட்டின மட்டும் தட்டையான பூமி. அங்கே இடி இறங்கும்போது நிற்கிறவனும் ஓடுகிறவனும்தான் உயரம். அதனால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. முதல் இடிச் சத்தம் கேட்டதும் உப்பு வாருகிற பலகையைக் கீழே போட்டுவிட்டு, வரப்பில் காலைச் சேர்த்து, தலையை முட்டிக்குள் வைத்துக் குந்திவிட வேண்டும். ரோடு எவ்வளவு கிட்டத்தில் இருந்தாலும் ஓடக்கூடாது. ஓடிச் செத்தவர்கள் பெயர் எங்கள் கல்லறைத் தோட்டத்திலேயே இருக்கிறது. அளத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான். சார்லஸுக்கும் டோமினிக்குக்கும் மாமாதான் சொல்லித்தந்தார். இந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி.

அவர் ஈராக்குக்குப் போனது இரண்டாயிரத்து நாலில். அப்போது ஈராக்குக்குப் போகக்கூடாது என்று நம் அரசாங்கம் தடை போட்டிருந்தது. மாமா வேறு நாட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி, அங்கிருந்து தரைவழியாகப் போய், ஒரு ராணுவ முகாமின் சமையற்கூடத்தில் வெங்காயம் உரித்தார். ஒருநாள் முகாமுக்குள் குண்டு விழுந்தது. கூட இருந்த இரண்டு பேர், ஒரு கேரளாக்காரரும் ஒரு நாகப்பட்டினத்துக்காரரும், ஒரு லாரியைப் பிடித்து எல்லைக்கு ஓடினார்கள். மாமா மாவு மூட்டைகளுக்கு நடுவில் குந்திக்கொண்டார். அந்த இரண்டு பேரும் எல்லைக்குப் போய்ச் சேரவே இல்லை. ஏழு வருஷம் கழித்து லிபியாவில் சண்டை வந்தபோதும் அதே கதை. எல்லோரும் வெளியேறுங்கள் என்று தூதரகம் சொன்னது. துறைமுகத்துக்கு ஓடினவர்களை வழியில் அடித்து, கையிலிருந்ததை எல்லாம் உருவிக்கொண்டார்கள். கம்பெனி கொட்டகையை விட்டு அசையாத மாமா முழுச் சம்பளத்தோடு வந்து இறங்கினார். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டுக்கு மாடி எடுத்தார், அளத்தில் குத்தகைக்குப் பாத்தி பிடித்தார்.

இதை ஒவ்வொரு முறையும் அவர் சொல்லி முடிக்கும்போது கேட்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு இருப்பார்கள். அந்த இரண்டு பேருடைய வீட்டில் இந்தக் கதையை எப்படிச் சொல்வார்கள் என்று நான் ஒருதரம் கேட்டேன். "அவுங்க கதைய சொல்ல அவுங்க வரலியே ஆன்மேரி" என்று சிரித்தார். அன்றைக்கே எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

தாய்லாந்து வேலையைக் கொண்டுவந்தவன் ராஜ்கமல். கீழ்புத்துப்பட்டுக்காரன், பையன்களோடு கல்லூரியில் படித்தவன், குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதியில் வெள்ளைக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிற வேலையில் இருந்தான். பாங்காக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி, டைப் அடிக்கத் தெரிந்தால் போதும், டிக்கெட்டும் தங்குமிடமும் இலவசம். இரண்டு பையன்களும் அன்றைக்கே பெட்டி கட்டாத குறைதான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு நேரத்தில் சாமியார் கலெக்டர் ஆபீசிலிருந்து வந்த சுற்றறிக்கையைப் படித்தார். தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், மியான்மர் நாடுகளில் கணினி வேலை என்று வருகிற அழைப்புகளை நம்பவேண்டாம். அப்படிப் போனவர்களை எல்லை தாண்டிக் கடத்திக்கொண்டு போய், அடைத்துவைத்து, போனில் ஆட்களை ஏமாற்றுகிற வேலை செய்யச் சொல்லி அடிக்கிறார்கள். தெளிவாக, நிறுத்தி, இரண்டு தடவை படித்தார். ஞானமேரி அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார்.

கோயில் வாசலில் செருப்பைப் போடும்போதே மாமா ஆரம்பித்துவிட்டார். "ஈராக்குக்குப் போவாதன்னு கவர்மென்ட்டு தலையால அடிச்சிகிச்சி. போனனா இல்லியா? வந்தனா இல்லியா?"

"அது வேறங்க, இது வேற" என்றார் அத்தை. "கடத்திகினு போறாங்கன்னு சாமியாரு படிச்சாரே."

"எங்கடி கடத்தறான்? பாங்காக்குல குண்டு விழுதா? துப்பாக்கி சத்தம் கேக்குதா? டூரிஸ்ட்டு போயி போட்டோ புடிச்சிகினு வர்ற ஊரு அது."

அந்த நேரம் பார்த்து ராஜ்கமல் தன் போனை நீட்டினான். அவன் விடுதியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா காட்டியதாம். அவர்கள் நாட்டு அரசாங்கம் இந்தியாவுக்குப் போகிறவர்களுக்குப் போட்டிருந்த எச்சரிக்கை. இருட்டின பிறகு தனியாக நடக்காதே, தெரு நாய் கடிக்கும், தண்ணீர் குடிக்காதே, கடலோரம் புயல் வரும், முன்பின் தெரியாதவர் தருவதை வாங்கித் தின்னாதே. ராஜ்கமல் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தியா? நம்ம ஊருக்கே வராதன்றான் அவங்க கவர்மென்ட்டு. நாம இங்க தின்னுட்டுத் தூங்கிகினு இருக்கறோம். மரக்காணத்துல என்னாடா ஆபத்து இருக்குது?"

கூட்டமே சிரித்தது. அதற்கு முந்தின வருஷம்தான் மரக்காணம் பக்கத்தில் கள்ளச்சாராயம் குடித்து ஆட்கள் செத்திருந்தார்கள். அது அங்கே நின்ற ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. உயிரோடு இருந்தவர்கள் மட்டும்தானே கோயில் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

அத்தை அந்தச் சுற்றறிக்கையைச் சாமியாரிடம் கேட்டு வாங்கி, என் கடையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, வீட்டில் மாதா படத்துக்குக் கீழே செருகிவைத்தார். "மாதாவுக்குப் படிச்சிக் காட்றியா?" என்று மாமா கேட்டாராம். அத்தைக்குப் புருஷனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஜெபமாலை சொல்ல மட்டும்தான் தெரியும், அதைச் சொன்னார். பையன்கள் கிளம்பிப் போனார்கள்.

போன மூன்றாம் நாள் பகலில் டோமினிக் என் கடைக்கு வீடியோவில் கூப்பிட்டான். ரீசார்ஜ் பண்ண வந்த மாமா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். திரையில் இரண்டு பேர் முகமும் ஒட்டிக்கொண்டு தெரிந்தன. தம்பி உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, பாங்காக்குல வேலைன்னுதான சொன்னாங்க. கார்ல ஏத்தி எங்கியோ கொண்டாந்துட்டாங்க. ஏதோ ஹோட்டலு. ஜன்னல்ல ஆறு தெரியுது. ஆத்துக்கு அந்தாண்ட வேற நாடாம். இங்க துணி துவைக்கிற அம்மா சைகையில சொல்லுது. கழுத்துல கைய வச்சிக் காட்டுதுக்கா."

சார்லஸ் அவனைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அப்பா, இன்னும் கொஞ்ச நேரத்துல வேற வண்டி வருதாம். பின்கதவு தொறந்துதான் இருக்குது. ரோட்ட தாண்டுனா போலீஸ் பூத்து தெரியுது. போயிடலாமாப்பா?"

மாமா பதற்றப்படவே இல்லை. வெற்றிலை எச்சிலை வெளியே துப்பிவிட்டு வந்து போனைக் கையில் வாங்கினார். "பாஸ்போர்ட்டு யார்கிட்டடா?"

"அவங்க வாங்கி வச்சிகினாங்க."

"பாஸ்போர்ட்டு இல்லாம எங்கடா ஓடுவ? அந்த ஊரு போலீஸ்காரன் உன்ன உள்ள தள்ளுவான். எதுனா சத்தம் கேக்குதா? வெடி கிடி?"

"இல்லப்பா."

"அப்பறம் என்னாத்துக்குப் பயப்படற? அப்பா சொல்றத கேளு. கம்பெனிக்காரன் சொல்ற வண்டியில ஏறு. வாயத் தொறக்காத. எத்தினி நாட்டப் பாத்தவன் நான். ஓடனவன் எவனும் வீடு வந்து சேரல. நீ குந்து. எது வந்தாலும் அடங்கற வரைக்கும் அப்பிடியே குந்து."

நான் போனைப் பிடுங்கினேன். "டேய், சாமியாரு படிச்சது இதேதான்டா! ரெண்டு பேரும் ஓடுங்கடா!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்மா, ரீசார்ஜ் கடையில குந்திகினு நீ எந்த நாட்டப் பாத்த?" என்றார் மாமா. அதற்குள் லைன் போய்விட்டது.

டோமினிக் அக்கா பேச்சைக் கேட்டான். சார்லஸ் அப்பா பேச்சைக் கேட்டான். அவ்வளவுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம். புத்திசாலித்தனமோ தைரியமோ ஒன்றும் இல்லை.

தம்பி செருப்புகூடப் போடாமல் பின்கதவு வழியாக ஓடி, அந்தப் போலீஸ் பூத்தில் போய் விழுந்து, அவர்கள் அவனைக் கொஞ்ச நாள் அடைத்துவைத்து, தூதரகத்தில் பேசி, ஊருக்கு அனுப்பினார்கள். அவன் தெருவில் வந்து இறங்கியபோது நான் கட்டிப்பிடித்து அழுதேன். ஊர் அழவில்லை. ஊருக்கு அதற்குள் சார்லஸ் அனுப்பிய போட்டோக்கள் வந்துவிட்டிருந்தன. டை கட்டிக்கொண்டு கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் நிற்கிறான். தட்டு நிறையச் சாப்பாட்டோடு உட்கார்ந்திருக்கிறான். "நல்லா இருக்கேன் பா" என்று ஒரு வரி. மாமா டீக்கடையில் அந்தப் போட்டோவை ஒவ்வொருத்தர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

"அதே வண்டியில ஏறியிருந்தா இவனும் டை கட்டியிருப்பான்" என்று என் தம்பியைக் காட்டிச் சொன்னார். "பின்கதவு டோமினிக்."

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கிரிக்கெட் ஆடப் போனால் பின்கதவு, பாடல் குழுவுக்குப் போனால் பின்கதவு. சின்னப் பிள்ளைகள்கூட அவனைப் பார்த்ததும் ஒரு கதவைத் தள்ளுகிற மாதிரி சைகை காட்டிச் சிரித்தார்கள். இடையில் திண்டிவனத்தில் ஒரு பெண் பார்த்தோம். பையன் ஒரு இடத்தில் நிற்கமாட்டானாமே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சார்லஸை ஆள் கடத்துகிறவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று தம்பி யாரிடம் சொன்னாலும், உன் பயத்துக்கு நீ கதை கட்டுகிறாய் என்றார்கள். கொஞ்ச நாளில் அவன் சொல்வதையே விட்டுவிட்டான். அளத்தில் உப்பு மூட்டை தைக்கிற வேலைக்குப் போனான். பி.சி.ஏ. படித்த பையன், குனிந்த தலை நிமிராமல் கோணி தைத்தான். இன்னாசிராஜ் மாமாவைப் பார்க்கும்போதெல்லாம் என் மனசில் வந்த வார்த்தைகளை இங்கே எழுதமுடியாது.

எல்லாப் போட்டோவிலும் சார்லஸ் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான். அதை அத்தை மட்டும்தான் கவனித்தார். "புள்ள கைய ஏன் மறைக்கறான் ஆன்மேரி?" என்று என்னிடம் கேட்டார். மாமாவிடம் கேட்டதற்கு, ஆபீசரெல்லாம் அப்படித்தான் நிற்பார்கள் என்றாராம்.

ஒருநாள் காலை, கடை திறந்த கையோடு போன் வந்தது. தெரியாத நம்பர். தமிழில், ஆபீசர் மாதிரிக் குரல். "மேடம், உங்க ஆதார் நம்பர்ல ஒரு பார்சல் புக் ஆகியிருக்கு. அதுல போதைப்பொருள் இருந்திருக்கு. உங்க மேல கேஸ் பதிவாகியிருக்கு. லைனை கட் பண்ணக்கூடாது, யார்கிட்டயும் பேசக்கூடாது மேடம்." எழுதிவைத்ததைப் படிக்கிற மாதிரி ஒரே சீராக வந்தது. எனக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. கல்லூரி நாளெல்லாம் என் கடை வாசலில் கேட்ட குரல். என் நம்பர் அவனுக்கு மனப்பாடம், அவனுக்கு எத்தனை தரம் கடனுக்கு ரீசார்ஜ் போட்டிருப்பேன்.

"சார்லஸா?" என்றேன்.

ஒரு மூச்சுச் சத்தம். பிறகு அதே ஆபீசர் குரல், கொஞ்சம் வேகமாக. "மேடம், நீங்க ஒத்துழைக்கலன்னா எங்க மேலதிகாரி பக்கத்துலயே நிக்கறார் மேடம். தமிழ் தெரியாதவர் மேடம். உங்க வீட்ல பெரியவங்க, மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தறவங்க, அவங்ககிட்ட சொல்லிடுங்க மேடம். தம்பி பின்பக்கமா போன வழிதான் சரியான வழின்னு சொல்லிடுங்க மேடம்." குரல் உடையவே இல்லை. சர்க்கார் நோட்டீஸ் மாதிரி வாசித்தான். பின்னால் யாரோ வேறு பாஷையில் அதட்டினார்கள். ஏதோ படபடவென்று பொரிகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒரு அலறல். அதோடு கட்டாகிவிட்டது.

கடையைப் பூட்டாமலேயே ஓடினேன். மாமா அப்போதுதான் குளித்துவிட்டு பனியன் மாட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கால் சென்டர் வேலைன்னா போன்லதான் பேசுவான்" என்றார்.

"மாமா, அடிக்கறாங்க. அலறல் கேட்டுச்சு."

"லைன்ல ஏதோ கொர கொரன்னு கேட்டிருக்கும். உன் தம்பி ஓடி வந்தத நியாயப்படுத்தணும், அதுக்குத்தான இதெல்லாம்?"

ஞானமேரி அத்தை அடுப்பை அணைத்தார். மாதா படத்துக்குக் கீழே இருந்த சுற்றறிக்கையை உருவினார். அதன் அடியில் அச்சடித்திருந்த உதவி எண்ணை எனக்குக் காட்டி, "இதுக்குப் போடு" என்றார். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கும் போலீசுக்கும் எத்தனை தரம் ஏறி இறங்கினாரோ, எல்லா தரமும் கூடப் போனவன் டோமினிக்தான். ஆற்றங்கரை எது, ஹோட்டல் எது, வண்டி எந்தப் பக்கம் போனது என்று சொல்ல அவன் ஒருத்தன்தான் இருந்தான். பின்கதவு வழியாக வந்தவன் இல்லையென்றால் சார்லஸ் எங்கே என்று சொல்ல உலகத்தில் ஆளே இல்லை.

அடுத்த வருஷம் அந்த ஆற்றுக்கு அந்தப் பக்கம், மியான்மரில், ராணுவம் புகுந்து அடைபட்டவர்களை மீட்டபோது, சிறப்பு விமானத்தில் வந்தவர்களில் சார்லஸும் இருந்தான். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. முதுகிலும் தொடையிலும் கரண்ட் வைத்துச் சுட்ட தழும்புகள். இலக்கை எட்டாத நாளெல்லாம் வைப்பார்களாம். இதைக்கூட அவன் சொல்லவில்லை, கூட வந்த வேறு பையன் சொன்னான். சார்லஸ் பேசவில்லை. வீட்டில் போன் மணி அடித்தால் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொள்வான். அத்தை வீட்டிலிருந்த எல்லாப் போனையும் சைலன்ட்டில் போட்டுவிட்டார்.

இப்போதாவது மாமா வாயை மூடுவார் என்று நினைத்தேன். மகன் வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் அரவிந்தன் என்கிற பக்கத்துத் தெருப் பையன் வந்து நின்றான். ருஷ்யாவில் வேலை, போகலாமா என்று கேட்டான். சார்லஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றிருந்தான்.

"போடா" என்றார் மாமா. "என் மவனையே எடுத்துக்கோ. எல்லாரும் என்னென்னமோ சொன்னாங்க. போனான், வந்துட்டான். ஒண்ணும் ஆவல."

ஞானமேரி அத்தை மகன் காதைப் பொத்தப் பார்த்தார். முடியவில்லை. அவன் அதைக் கேட்டுவிட்டான். மடங்காத விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அப்போது மாமாவின் முகத்தையும் பார்த்தேன். மனுஷன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். மகன் உயிரோடு நிற்கிறான், அதனால் தான் சொன்னது சரி. அவர் கணக்கு அவ்வளவு சுலபம், அதனால்தான் அவ்வளவு கொடூரம்.

இந்த செப்டம்பரில் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அன்றைக்குக் கரண்ட் இல்லாததால் கடையை மூடிவிட்டு, தம்பிக்குச் சோறு எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போயிருந்தேன். மழை எச்சரிக்கை காலையிலேயே வந்திருந்தது. மற்றவர்கள் பாதி உப்பை வாரிவிட்டார்கள். மாமா வாரவில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று சார்லஸையும் கூட்டிவந்து பாத்தி ஓரம் நிறுத்தியிருந்தார். அவன் வெயிலில் சும்மா நின்றான்.

மேற்கே கறுத்து வந்தது சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால். முதல் இடி இடித்ததும் அளம் முழுக்கப் பலகைகள் விழுகிற சத்தம். ஆணும் பெண்ணும் இருந்த இடத்திலேயே வரப்பில் குந்தினார்கள். நானும் குந்தினேன், தம்பியும் குந்தினான். நின்றது சார்லஸ் மட்டும்தான்.

"குந்துடா!" என்று மாமா கத்தினார். "சார்லஸ், அப்பா சொல்றேன், ஓடாத, குந்து!"

அந்தப் பையன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு ஓடினான். அரை அடி வரப்பில், கையை விரித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து ஓடினான். வானம் வெள்ளையாக வெட்டியது. என் தம்பி, ஊரெல்லாம் பின்கதவு என்று கூப்பிட்ட என் தம்பி, முட்டிக்குள்ளிருந்து தலையைத் தூக்கிக் கதறினான். "டேய் ஓடாதடா! இது அது இல்லடா! இங்க குந்தணும்டா!" அவன் நிற்கவில்லை. தடுக்கி விழுந்து எழுந்து மறுபடி ஓடினான். ஒரு இடி எங்களுக்கெல்லாம் பின்னால் எங்கோ இறங்கியது, தரை அதிர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவன் ரோட்டோரம் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சிரித்துக்கொண்டிருந்தான். ஊருக்கு வந்த நாளிலிருந்து அவன் பல்லை நான் பார்த்ததே இல்லை. இரண்டு கையையும் வாயில் குவித்து, அளம் முழுக்கக் கேட்கிற மாதிரி அப்பாவைப் பார்த்துக் கத்தினான்.

"பாரு! ஓடனேன்! எனக்கு ஒண்ணும் ஆவல!"

மறுபடி மறுபடி அதையே கத்தினான். குந்தியிருந்தவர்கள் எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா சொன்னது சரி, அவன் ஓடியது தப்பு, அது அங்கே குந்தியிருந்த ஒவ்வொருத்தருக்கும் தெரியும். ஆனால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது மாமாவே சொல்லித்தந்த கணக்குதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, நெஞ்சு நிறையச் சந்தோஷமாக இருந்தது.

அப்போது மாமா எழுந்தார். கீழே போட்டிருந்த பலகையை எடுத்தார். ஆள் உயரத்துக்கு மேல் நீளமான கொம்பு அதற்கு. அதைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாத்தியின் நடுவில் போய் நின்றார். "குந்துங்க மாமா!" என்று நான்தான் முதலில் கத்தினேன். எல்லோரும் கத்தினார்கள். இந்த ஒரு தரமாவது ஏதாவது ஆகட்டும் என்று கேட்கிற மாதிரி அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரோட்டில் சார்லஸின் சிரிப்பு நின்றது. "அப்பா!" என்றான். அதற்கப்புறம் அவன் கத்தியது எதுவும் இடியில் கேட்கவில்லை.

மழை இறங்கியது. தலையிலிருந்து கால் வரை நனைந்துகொண்டு அவர் நின்றார், அவர் காலைச் சுற்றி நாலு நாள் கூடுதலாக விட்டுவைத்த உப்பு கரைந்து தண்ணீராகப் போயிற்று. இடி தூரத்தில் ஒரு பனைமரத்தில் விழுந்தது. இன்னொன்று கடலில் விழுந்தது. கை வலித்துப் பலகையை இறக்குகிற வரைக்கும் நின்றார்.

பிறகு அவர் நடந்து வீட்டுக்குப் போனார். மகன் பத்தடி பின்னால் போனான். வாசலில் ஞானமேரி அத்தை துண்டை நீட்டினார், வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டார். அன்றைக்கும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.